இல்லாத காலில் நோ: கண்ணாடிப் பயிற்சி, குளிசை, நரம்பு முடிச்சு. எதை முதலில் பாக்கிறது?

வடமராட்சி_களப்பணி கேட்டது:

வணக்கம். பிசியோ ஆக்கள், செயற்கைக் கால் செய்யிற ஆக்கள், மருந்து தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் இஞ்ச இருக்கிறபடியால் கேக்கிறன். சமூகநிலைப் புனர்வாழ்வில வீட்டுக்குப் போய்ப் பாக்கிற ரெண்டு பேர் சம்பந்தமா.

முதலாமவருக்கு 61 வயசு, சீனி வருத்தக்காரர். இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்து ஏழு மாசம். புண் நல்லா ஆறீட்டுது. இல்லாத பாதத்தின்ர விரலெல்லாம் உள்ளுக்கு மடங்கி இறுகிக் கிடக்கெண்டுறார், இரவில கூடுதலா. இடைக்கிடை கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டும் வருதாம். கிளினிக்கில நரம்பு நோவுக்குக் கபாபென்ரின் 300 மி.கி. இரவில ஒண்டு குடுத்திருக்கு. அது காணாதெண்டு பாமசியில டைக்ளோபெனாக் எண்ட நோக் குளிசையை வாங்கித் தன்ர பாட்டில போடுறார். கிரியற்றினின் (சிறுநீரகம் எப்பிடியெண்டு காட்டுற ரத்தச் சோதனை) கூட எண்டு கிளினிக் கொப்பியில எழுதியிருக்கு. பிறஷருக்கு லொசாட்டானும் எடுக்கிறார்.

இரண்டாமவருக்கு 48 வயசு. மிதிவெடியில ரெண்டு காலும் போனது. வலது முழங்காலுக்குக் கீழ, இடது முழங்காலுக்கு மேல. வருசக்கணக்கா நோ ஒண்டும் இல்லாமல் செயற்கைக் காலோட நடந்து திரிஞ்சவர். மூண்டு மாசமா இல்லாத வலது பாதத்தில எரிவு.

நல்ல காலின்ர விம்பத்தை இல்லாத கால் மாதிரிக் காட்டுற கண்ணாடிப் பயிற்சிக்குக் கண்ணாடி என்ன அளவில வேணும், எவ்வளவு நேரம், எத்தினை கிழமை? ரெண்டு காலும் இல்லாதவருக்கு அது சரிவருமோ? குளிசையை எவ்வளவுக்குக் கூட்டுவினம்? மூளையில இருக்கிற உடம்பு வரைபடம் மாறிப்போறதாலதான் இந்த நோ எண்டு பயிற்சி வகுப்பில சொல்லித் தந்தவை. இப்பவும் அப்பிடித்தானோ? வீட்டுக்காரர் கேக்கேக்க பிழையாச் சொல்லக்கூடாது.

---

நெல்லியடிப்_பட்டறை (செயற்கைக் கால்):

கண்ணாடி வாங்க முன்னம் மிச்சக்காலை, வெட்டினதுக்குப் பிறகு மிஞ்சின பகுதியை, பாருங்கோ. கேக்கேக்கயே மூண்டு விசயத்தைப் பிரிச்சுக் கேக்க வேணும். இல்லாத பாதம் இன்னும் இருக்கிற மாதிரித் தெரியிறது ஒண்டு. நோ இல்லாட்டி அதுக்கு வைத்தியம் தேவையில்லை. இல்லாத பாதத்தில நோகிறது வேற, மாயக்கால் நோ எண்டுறது அதைத்தான். வெட்டின முனையில நோகிறது இன்னும் வேற. கனபேருக்குப் பின்னுக்குச் சொன்ன ரெண்டும் கலந்து கிடக்கும். கலந்து கிடக்கிறதை ஒரே நோவெண்டு எழுதிக்கொண்டு வந்தா எந்த வைத்தியமும் பிடிக்காது.

மிச்சக்காலை ஒரு விரல் நுனியால மெல்லத் தட்டிக்கொண்டு வாங்கோ. முனையைச் சுத்தியும், சின்ன எலும்பின்ர பக்கமும், முழங்காலுக்குப் பின்பக்கமும் தட்ட வேணும். குறிப்பிட்ட ஒரு புள்ளியில தட்டேக்க மட்டும் இல்லாத பாதத்துக்குக் கரண்ட் பாய்ஞ்சா, அது அநேகமா நரம்பு முடிச்சு. வெட்டுப்பட்ட நரம்பின்ர நுனி போக இடமில்லாமல் சுருண்டு வளருறது அது. புள்ளியைப் பேனையால குறிச்சுப் படம் எடுத்து வையுங்கோ. டொக்டர் அந்த இடத்தில மரக்கப்பண்ணுற லிக்னோகெயின் ஊசி போட்டுப் பாத்து, நோ கொஞ்ச நேரத்துக்கு அடங்கினா சந்தேகம் பெரும்பாலும் தீரும். முதலாமவர் சொல்லுற "வெட்டு" இதாயிருக்கலாம்.

அதோட சொக்கற், அதாவது செயற்கைக் காலில மிச்சக்காலை விடுற கிண்ணம். ஏழாம் மாசமெண்டா மிச்சக்கால் இன்னும் வத்திக்கொண்டிருக்கிற காலம். முதல் சொக்கற்றை இறுக்கமா அளவெடுத்துச் செய்திருந்தாலும் இப்ப தொளதொளத்திருக்கும். நடக்கேக்க கால் உள்ளுக்க மேலும் கீழும் போய்வரும், முனை அடியில போய் இடிக்கும். காலமை சரியா இருந்து பின்னேரம் நோகுதெண்டா பகலில வத்துது எண்டு அர்த்தம். இன்னொரு சொக்ஸ் போட்டு நடக்க விட்டுப் பாருங்கோ. மூண்டு நாலு சொக்ஸ் போட்டும் ஆடுதெண்டா சொக்ஸைக் கூட்டாதேங்கோ, புதுச் சொக்கற் வேணும். சின்ன எலும்பின்ர தலையடியில, முழங்காலுக்கு வெளிப்பக்கம், கால் கழட்டிப் பத்து நிமிசத்துக்குப் பிறகும் சிவப்பு மாறாமல் கிடந்தா அந்த இடத்தில நரம்பு அமத்துப்படுது.

எங்கட வெக்கையில வியர்வை தனிப் பிரச்சினை. மிச்சக்காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிறது இரவிலதான். காலமை கழுவி ஈரத்தோட கால் போட்டா தோல் ஊறி உரியும். பிறகு அதையும் மாயக்கால் நோ எண்டு கொண்டு திரிவினம்.

இரண்டாமவர்தான் எனக்கு யோசினை. கனகாலம் சும்மா இருந்த மாயக்கால் புதுசா நோகத் தொடங்கினா கண்ணாடியை விட்டிட்டுக் காரணத்தைத் தேடுங்கோ. எலும்பு முனையில முள்ளு வளர்ந்திருக்கலாம், நரம்பு முடிச்சா இருக்கலாம். நாரியில டிஸ்க் நரம்பை அமத்தினா, கால் இருக்கிறவருக்குக் காலுக்கு இறங்கிற அதே நோ இவருக்கு இல்லாத பாதத்துக்கு இறங்கும். 48 வயசில புதுசா எரிவெண்டா சீனியும் ஒருக்கா பாக்க வேணும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா, மிதிவெடியில காயப்பட்டவர், உடம்பில இரும்புத் துண்டு கிடக்கலாமெண்டு கட்டாயம் சொல்லுங்கோ. முதலில எக்ஸ்றே எடுத்துப் பாத்திட்டுத்தான் உள்ளுக்க விடுவினம்.

---

பிசியோ_கொக்குவில்:

அண்ணை சொன்னதெல்லாம் பாத்தாச்சு எண்டு வைச்சுக்கொண்டு கண்ணாடிக்கு வாறன்.

முதலாமவருக்கு நல்ல பொருத்தம். விரல் மடங்கி இறுகிறது, முறுகிறது மாதிரி ஆழமான நோவுக்குக் கண்ணாடி பிடிக்கிற அளவுக்கு, தோல் எரிவுக்கும் கரண்ட் வெட்டுக்கும் பிடிக்கிறதில்லை. அதை முதல் நாளே அவருக்குச் சொல்லி வையுங்கோ. சொல்லாட்டி வெட்டு நிக்கேல்லை எண்டு மூண்டாம் நாளே விட்டிடுவார்.

கண்ணாடி 4 அடி நீளம், ஒண்டரை அடி அகலம் இருந்தாப் போதும். முழங்காலில இருந்து பாதம் வரை முழுசாத் தெரிய வேணும் எண்டதுதான் கணக்கு. அல்மாரிக் கதவில இருந்து கழட்டின பழைய கண்ணாடியே காணும். பின்னுக்குப் பிளைவூட் அடிச்சு, விளிம்பைச் சுத்தி ரேப் ஒட்டி, சரிஞ்சு விழாமல் ரெண்டு கட்டை வையுங்கோ. பிளாஸ்ரிக் கண்ணாடி பாரமில்லை, ஆனா நீட்டா வைக்கேக்க வளைஞ்சு பாதம் கோணலாத் தெரியும். கோணல் பாதத்தை மூளை தன்ர பாதமெண்டு எடுக்காது.

கட்டிலில காலை நீட்டி இருத்தி, கண்ணாடியை நீளப்பாட்டுக்கு ரெண்டு காலுக்கும் நடுவில நிறுத்துங்கோ. முகம் பாக்கிற பக்கம் வலது காலுக்கு, அதாவது நல்ல காலுக்கு. மிச்சக்கால் கண்ணாடிக்குப் பின்னால முழுசா மறைஞ்சிருக்க வேணும். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சரிச்சுக் கண்ணாடிக்குள்ள பாத்தா இடது பாதம் இருக்கிற இடத்தில ஒரு பாதம் தெரியும். கால்விரலில நூல், கணுக்காலில கறுப்புக் கயிறு எல்லாம் கழட்டுங்கோ. இடது காலில இல்லாத அடையாளம் வலது காலில தெரிஞ்சா ஏமாத்து நிக்காது. பான், ரீவி, போன் நிப்பாட்டுங்கோ. பக்கத்தில நிண்டு "தெரியுதோ, தெரியுதோ" எண்டு கேக்கிற ஆக்களையும் வெளிய அனுப்புங்கோ.

முதல் ரெண்டு மூண்டு நிமிசம் ஒண்டும் செய்யாமல் பாக்க மட்டும் விடுங்கோ. இல்லாத பாதம் இப்ப எந்த நிலையில கிடக்கெண்டு கேட்டு, நல்ல பாதத்தையும் அதே நிலைக்குக் கொண்டுவாங்கோ. இவருக்கு விரல் மடங்கிக் கிடக்கு, ஆகவே நல்ல பாதத்து விரலையும் மடக்கித்தான் தொடங்க வேணும். நேர விரிச்சுக் காட்டினா கண்ணுக்குத் தெரியிறதும் உணருறதும் முட்டிக்கொண்டு நோ கூடும். கன இடத்தில பயிற்சி பிழைக்கிறது இந்த இடத்திலதான். பிறகு ரெண்டு பாதத்தையும் ஒண்டா அசைக்கிற நினைப்போட, மெல்ல மெல்ல விரலை விரிக்கிறது. அதுக்குப் பிறகு பாதத்தை மேல கீழ, உள்ள வெளிய. ஒரு அசைவுக்கு நாலஞ்சு செக்கன். வேகமாச் செய்தா உடற்பயிற்சிதான் மிச்சம்.

ஒரு நாளைக்கு 15 நிமிசம், நாலு கிழமை. இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. 2007இல அமெரிக்க இராணுவ வைத்தியசாலையில கால் இழந்த 22 பேரோட தொடங்கி 18 பேர் முடிச்ச சோதனை அது. கண்ணாடி பாத்த ஆறு பேருக்கும் நோ குறைஞ்சது. துணியால மூடின கண்ணாடிக்கு முன்னால அதே அசைவைச் செய்த ஆறு பேரில ஒருத்தருக்குத்தான் குறைஞ்சது, மூண்டு பேருக்குக் கூடினது. மனசால மட்டும் கற்பனை செய்த ஆறு பேரில நாலு பேருக்குக் கூடினது. அதுக்குப் பிறகு கண்ணாடிக்கு மாறின ஒன்பது பேரில எட்டுப் பேருக்குக் குறைஞ்சது. சின்னச் சோதனைதான். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு வடிவா வரேல்லை. ஆனா செலவு ஒரு பழைய கண்ணாடி; ஈரல், சிறுநீரகம் ஒண்டுக்கும் கெடுதல் இல்லை. நான் பரிந்துரைப்பன்.

முதல் நாள் தலை சுத்து, ஓங்காளம், அழுகை வரலாம். வந்தா நிப்பாட்டி அடுத்த நாள் அஞ்சு நிமிசத்தோட தொடங்குங்கோ. நல்ல காலும் சீனிக்காரரின்ர கால் எண்டதை மறக்காதேங்கோ. குதிக்காலுக்குக் கீழ மெத்தையான துணி போடுங்கோ, கட்டில் சட்டத்தில உரஞ்ச விடாதேங்கோ.

கொப்பியில ஒவ்வொரு நாளும் மூண்டு இலக்கம் எழுதுங்கோ: எத்தினை தரம் வந்தது, கூடினது எவ்வளவு நேரம், பத்துக்கு எத்தினை. நாலு கிழமையில மூண்டும் அசையேல்லை எண்டா நிப்பாட்டலாம்.

இரண்டாமவருக்குக் கண்ணாடியில காட்ட நல்ல கால் இல்லை. அவருக்கு இன்னொருத்தர் பக்கத்தில வெறுங்காலோட இருந்து பாதத்தை அசைக்க, அதைப் பாத்துக்கொண்டு தன்ர பாதமும் அசையிற மாதிரி முயற்சிக்கலாம். ரெண்டு காலும் இழந்தவையில இதைச் செய்து பாத்து நோ குறைஞ்சதெண்டு 2014இல ஆய்வு வந்திருக்கு. ஆனா பட்டறை அண்ணை சொன்ன மாதிரி காரணம் தேடி முடிச்ச பிறகுதான்.

---

குளிசைப்_பெட்டி (மருந்தாளர்):

முதல் வேலை: அந்த டைக்ளோபெனாக். கிரியற்றினின் கூடின சீனிக்காரர், லொசாட்டானும் எடுக்கிறார், அதுக்கு மேல டைக்ளோபெனாக். சிறுநீரகத்துக்கு இதைவிடக் கூடாத சேர்க்கை தேட வேண்டியதில்லை. சிறுநீர் போகிற குளிசையும் சேர்ந்திருந்தா இன்னும் மோசம். நரம்பு நோவுக்கு அது வேலையும் செய்யாது. வெட்டுப்பட்ட நரம்பு தன்ர பாட்டில அனுப்புற சைகை அழற்சியால வாறதில்லை. அழற்சியை அடக்கிற குளிசைக்கு அங்க வேலை இல்லை. பனடோலும் இதுக்குப் பெரிசா உதவாது.

கபாபென்ரின் 300 இரவில ஒண்டு எண்டது தொடக்க அளவு. சிறுநீரகம் நல்லா இருக்கிறவருக்கு நாளுக்கு 900இல இருந்து 3600 மி.கி. வரை, மூண்டு தரமாப் பிரிச்சுக் குடுப்பினம். கிரியற்றினின் கிளியறன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுற வேகம், 30க்கும் 59க்கும் இடையில எண்டா நாளுக்கு 400இல இருந்து 1400 வரை. 15க்கும் 29க்கும் இடையில எண்டா 200இல இருந்து 700 வரை, ஒரே தரமா. ஆகவே "காணாது, கூட்டுங்கோ" எண்டு கேக்க முன்னம் கிளியறன்ஸ் எவ்வளவெண்டு கேளுங்கோ. கிரியற்றினின் இலக்கம் மட்டும் காணாது. வயசும் நிறையும் சேத்துத்தான் கணக்கு, அதிலயும் கால் எடுத்தவரின்ர தசை குறைவு எண்டபடியால் கணக்கு உள்ளதைவிட நல்லாக் காட்டும். அளவு கூடினா பகலில தூங்கி வழிவார், தள்ளாடுவார். ஒத்தைக் காலில இருக்கிறவர் விழுந்தா கதை வேற. குணம் தெரியேல்லை எண்டாலும் ஒரே நாளில நிப்பாட்ட விடாதேங்கோ, ஒரு கிழமைக்காவது பிரிச்சுக் குறைக்க வேணும்.

நரம்பு நோவுக்குக் குடுக்கிற இன்னொண்டு, அமிற்றிப்டிலின், மலிவு, அரச கிளினிக்குகளில கிடைக்கிறது. 10 மி.கி. இரவில, படுக்கப் போக ஒண்டு ரெண்டு மணித்தியாலம் முன்னம். கிழமைக்கு 10 கூட்டி 50, 75 வரை. 61 வயசு ஆம்பிளைக்கு முதலே கேக்க வேண்டியது: சலம் போகக் கஷ்டமோ, கண்ணில அமுக்கம் இருக்கோ, இதய ஈசீஜி எப்பிடி. வாய் காயுறது கனபேருக்கு வரும். அதே நேரத்தில ரமடோல் எண்ட பலமான நோக் குளிசை எழுதியிருந்தா டொக்டருக்குக் காட்டுங்கோ. ரெண்டும் சேந்தா வலிப்பு வர இடமிருக்கு. ரமடோலையும் கபாபென்ரினையும் சேத்தாலும் மூச்சு மந்தமாகலாம், அதுவும் சிறுநீரகம் குறைஞ்சவருக்கு.

எதிர்பார்ப்பு எவ்வளவு வைக்கிறது எண்டதுக்கு ஒரு கணக்கு. நரம்பு நோ மருந்துகள் எல்லாத்தையும் சேத்து 2015இல வந்த பெரிய தொகுப்பில, ஒருத்தருக்கு நோ பாதியாகக் குறைய அமிற்றிப்டிலின் வகையை நாலு பேர் அளவில எடுக்க வேண்டியிருந்தது (3.6), கபாபென்ரினை ஆறு பேர் (6.3), பிறீகபலினை எட்டுப் பேர் அளவில (7.7). அதுவும் கூடுதலாச் சீனி நரம்பு நோவிலயும் அக்கி நோவிலயும் பாத்த கணக்கு. மாயக்கால் நோவில மட்டும் பாத்தா, கபாபென்ரின் ஒரு சின்னச் சோதனையில குணம் காட்டினது, இன்னொண்டில காட்டேல்லை. அமிற்றிப்டிலினும் ஒரு சோதனையில வெறும் ஒப்பீட்டு மருந்தை வெல்லேல்லை. அதால நாலு தொடக்கம் ஆறு கிழமை சரியான அளவில எடுத்தும் ஒண்டும் இல்லை எண்டா மாத்த வேணும். வருசக்கணக்கா ஒரே குளிசையை இழுக்கிறது எங்கட ஊரில கனக்க நடக்குது.

மிளகாயின்ர உறைப்பில இருந்து எடுத்த கப்சைசின் கிறீம் ஆரும் வாங்கிக் குடுத்தா, பூசிப்போட்டுச் சொக்கற்றுக்குள்ள காலை விட விடாதேங்கோ. மூடின இடத்தில சூடும் வியர்வையும் சேந்து எரிவு தாங்கேலாது.

---

வடமராட்சி_களப்பணி:

பெரிய உதவி. டைக்ளோபெனாக்கை நாளைக்கே கதைக்கிறன். ஒரு விசயம் எழுத மறந்திட்டன். முதலாமவருக்கு இல்லாத பாதம் பழைய இடத்தில இல்லையாம், முழங்காலடிக்குக் கிட்டக் கிட்ட ஏறி இப்ப மிச்சக்கால் நுனியில ஒட்டிக்கொண்டு நிக்குதாம். கண்ணாடியில தெரியிற பாதம் தூரத்தில நிக்குமே?

---

பிசியோ_கொக்குவில்:

ஓம், அப்பிடிச் சுருங்கி ஏறுறது கனபேருக்கு நடக்கும். அப்பிடி ஏறினவைக்குக் கண்ணாடி குறைவாத்தான் பிடிக்குதெண்டு ஒரு ஆய்வு காட்டினது. விட்டிடச் சொல்லேல்லை, ஆனா அவருக்கு நேரக் கண்ணாடி வேண்டாம். ஒரு படி கீழ இருந்து தொடங்குங்கோ.

போனில அவற்ற வலது பாதத்தைப் பல கோணத்தில 20 படம் எடுங்கோ: மேல இருந்து, உள்ளங்கால், பக்கவாட்டு, திருப்பி, மடக்கி. போனிலயே ஒவ்வொண்டையும் இடம்வலமாத் திருப்பிச் சேமிச்சா 20 இடது பாதம் கிடைக்கும். 40ஐயும் கலந்து காட்டி, இடதோ வலதோ எண்டு சொல்ல விடுங்கோ. நூற்றுக்கு 80 சரி, ஒரு படத்துக்கு ரெண்டு செக்கன் அளவில, ரெண்டு பக்கமும் ஒரே வேகம் எண்டு வாறவரை ரெண்டு கிழமை. இடது பாதம் மட்டும் பிந்தினா, மூளைக்கு அந்தப் பக்கத்தை எடுத்துக் கையாளுறது இன்னும் கஷ்டம் எண்டு விளங்கும். பிறகு ரெண்டு கிழமை படத்தைப் பாத்து அந்த நிலைக்குத் தன்ர பாதம் போற மாதிரி நினைக்கிறது, அசைக்காமல். கண்ணாடி மூண்டாவது. இந்த வரிசையை 2006இல மாயக்கால் நோக்காரர் உட்பட 51 பேரில சோதிச்சிருக்கு. அந்த ஆய்வில பகல் முழுக்க மணித்தியாலத்துக்கு ஒருக்காச் செய்யச் சொன்னவை. நடைமுறையில நாளுக்கு அஞ்சாறு தரம், அஞ்சு நிமிசம் எண்டாலே பெரிய காரியம்.

---

நரம்பியல்_வாசிப்பு:

வரைபடக் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் நான்.

பயிற்சி வகுப்பில் சொன்னது 1990களின் விளக்கம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களின் கன்னத்தைத் தொடும்போது இல்லாத கையிலும் தொடுகை தெரிவதைக் காட்டினார். மூளையில் முகத்துக்குரிய பகுதி, பக்கத்தில் வெறுமையாகிப்போன கையின் பகுதிக்குள் நுழைந்துவிட்டது என்று அதை விளக்கினார். கண்ணாடிப் பெட்டியும் அவருடையதுதான். 1995இல் ஜெர்மனியில் கை இழந்த 13 பேரை அளந்து பார்த்தபோது, அந்த நுழைவு எவ்வளவு கூடவோ நோவும் அவ்வளவு கூட என்று வந்தது. பாடநூல்களில் ஏறியது அப்போதுதான்.

2013இல் தமார் மாக்கினும் சக ஆய்வாளரும் எதிர்மாறாகக் கண்டார்கள். இல்லாத கையை அசைக்கச் சொன்னபோது, நோ கூடியவர்களின் மூளையில் அந்தக் கையின் பகுதி அழியாமல் நன்றாகவே வேலை செய்தது. 2025இல் அதே வழியில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது: கை அகற்றப்பட இருந்த மூன்று பேரை, அகற்றுவதற்கு முன்பும் பின்பும் பல தடவை ஸ்கான் செய்தார்கள். கையின் வரைபடமும் உதட்டின் வரைபடமும் முன்பிருந்தபடியே இருந்தன. மூன்று பேர்தான் என்றாலும், முன்னும் பின்னும் ஒரே ஆளையே அளந்தது என்பதால் எனக்கு இது கனமான சான்று.

அப்படியானால் நோ எங்கிருந்து? அல்பேனியாவில் கால் இழந்தவர்களின் முள்ளந்தண்டடியில் நரம்பு வேர்களை மரத்துப்போகச் செய்தபோது, மாயக்கால் நோ அந்த நேரத்துக்கு அடங்கியது என்று 2014இல் வெளியானது. முழுக்க மூளையின் வேலை என்றால் கீழே மருந்து போட்டு அடங்கியிருக்கக் கூடாது. வெட்டுப்பட்ட நரம்பும், முள்ளந்தண்டுக்குக் கிட்ட உள்ள அதன் வேர் முடிச்சும் (மேலே சொன்ன நரம்பு முடிச்சு அல்ல) தொடர்ந்து சைகை அனுப்புகின்றன, முள்ளந்தண்டு அதைப் பெருப்பிக்கிறது, மூளை அதைப் பழைய முகவரியில் படிக்கிறது என்பதுதான் இன்று பொருந்தி வரும் படம். இரவில் கூடுவது, மலசலம் போகும்போது வெட்டுவது, மனக்குழப்பத்தில் ஏறுவது எல்லாம் பெருப்பிக்கிற அந்த இடத்தில் நடக்கிறவை. நித்திரையைச் சரிசெய்வதும் வைத்தியம்தான் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

இதனால் சத்திரசிகிச்சையும் மாறியிருக்கிறது. முன்பு நரம்பு முடிச்சை வெட்டித் தசைக்குள் புதைப்பார்கள்; பல தடவை அது மீண்டும் வளரும். இப்போது வெட்டிய நரம்பின் நுனியை, பக்கத்துத் தசைக்குப் போகும் ஒரு சின்ன இயக்க நரம்போடு தைத்துவிடுகிறார்கள். நரம்புக்குப் போக ஒரு இடம் கிடைக்கிறது. இந்த இரண்டு முறையையும் 28 பேரில் ஒப்பிட்ட சோதனை 2019இல் வெளியானது. மாயக்கால் நோவில் முன்னேற்றம் புதிய முறையின் பக்கம்தான். கண்ணாடி வேலை செய்வது ஏன் என்பதற்கு மட்டும் இன்னும் ஒத்துக்கொண்ட விளக்கம் இல்லை. வரைபடத்தைத் திருத்துகிறது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

---

பிசியோ_கொக்குவில்:

ஒத்துக்கொள்ளுறன், ஒரு திருத்தத்தோட. "உங்கட நரம்பு இன்னும் சைகை அனுப்புது" எண்டு மட்டும் சொன்னா, ஆக்கள் நரம்பை எடுக்கச் சொல்லிக் கொண்டு அலைவினம். பெருப்பிக்கிற இடத்தைக் குறைக்க ஏலும் எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. மிச்சக்காலை நாளுக்கு மூண்டு நாலு தரம், அஞ்சு நிமிசம், முதலில பஞ்சால, பிறகு துணியால, பிறகு சொரசொரப்பான துவாயால தடவிப் பழக்கிறதும் அதுக்குத்தான்.

---

நெல்லியடிப்_பட்டறை:

களப்பணி, இரண்டாமவரை அனுப்பேக்க வெறும் "கால் நோ" எண்டு துண்டு எழுதி விடாதேங்கோ. வெட்டின வருசம், ரெண்டு பக்கமும் எந்த மட்டம், எத்தினை வருசம் நோ இல்லாமல் இருந்தவர், எரிவு தொடங்கின மாசம், இப்ப இருக்கிற சொக்கற் எப்ப செய்தது, தட்டிப் பாக்கேக்க பாய்ஞ்ச புள்ளி, நாரி குனியேக்க அல்லது இருமேக்க கூடுதோ, இரும்புத் துண்டு இருக்கோ. இவ்வளவும் அரைப் பக்கத்தில அடங்கும். கால் ரெண்டையும் கொண்டு போகச் சொல்லுங்கோ, போட்டுக்கொண்டு நிண்டு பாக்காமல் சொக்கற்றில பிழை பிடிக்க ஏலாது. முனை சிவந்து சுடுது, சீழ், காய்ச்சல் எண்டா கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும்.